பூஜ்யம் என்றால் பாக்கி இல்லை என்று அர்த்தமா?



சுவாமிமலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவரும் நான், எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தகப்பனாருக்குத் துணையாகக் கல்லாவில் உட்கார்ந்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி காலையில் அந்தக் கம்ப்யூட்டரால் நான் பட்ட அவஸ்தைதான் என் தகுதி. அதே அவஸ்தை வேறொருவருக்கு வரக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தத் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். புதிய ஜி.எஸ்.டி. விகிதம் அமலுக்கு வந்த நாள். நெய் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது. பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5க்கு வந்தன. நவராத்திரி ஆரம்பமும் அன்றைக்கேதான். திங்கட்கிழமை வேறு. திருவலஞ்சுழி, பட்டீஸ்வரம், இன்னம்பூர், கபிஸ்தலம் என்று சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரர்கள் ஏழு மணிக்கே வந்து நின்றுவிட்டார்கள். புது விலைக்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்று எல்லோரும் முந்தின வாரமெல்லாம் கொள்முதலை நிறுத்தி வைத்திருந்தார்கள் அல்லவா?

எங்கள் கடையில் மூன்று பில் கவுண்டர். மூன்றுக்கும் பொதுவாகப் பின்கட்டில், எண்ணெய் டின் அடுக்கும் அறையை ஒட்டி, ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. சரக்கு இருப்பு, விலை, வரி விகிதம், பற்று வரவு எல்லாம் அதில்தான். சர்வர் என்பது அதைத்தான். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் ஒரு வெளியூர் நிறுவனம் அங்கிருந்தபடியே அதைக் கண்காணிக்கிறது. தினமும் ராத்திரி எங்கள் சர்வர் அவர்களுடைய இடத்தைத் தொடர்புகொண்டு, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் இறக்கிப் போட்டுக்கொள்ளும். இதைத்தான் அப்டேட் என்கிறோம். விண்டோஸுக்கு வரவேண்டிய பாதுகாப்பு அப்டேட்டும் அவர்கள் ஏற்பாட்டின்படி இதே வழியில்தான் வருகிறது. வரி விகித மாற்றமும் அப்படியே தானாக வந்து சேரும், நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மனசு கேட்காமல் 20ஆம் தேதி சனிக்கிழமை நானே போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு பையன். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக்கூடாது. "ஐயா, உங்க சர்வர் பச்சையா இருக்கு. அப்டேட் பெண்டிங் ஜீரோ காட்டுது. எல்லாம் ஏறிடுச்சு, கவலைப்படாதீங்க" என்றான். நானும் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு, பட்டீஸ்வரத்துக் கடைக்காரர் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நெய்க்கு இன்னமும் 12 போட்டிருக்கே?" என்றார். பார்த்தால் நெய் மட்டுமில்லை. பிஸ்கட், சோப்பு எல்லாவற்றுக்கும் பழைய 18தான். அதற்குள் பதினேழு பில் போய்விட்டது. கணக்கு எழுதும் அன்பர்களுக்குத் தெரியும், கூடுதலாக வசூல் செய்த வரி நம்முடையது ஆகாது. அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் வாங்கியவருக்குக் கிரெடிட் நோட் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். அதைவிட, பழைய வரியில் பில் வாங்கிப்போனவர் பக்கத்துக் கடைக்காரரின் விலைக்கு எப்படி விற்பார்? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? முப்பத்தெட்டு வருஷமாக நான் பில் போட்டுக் கொடுப்பதை எண்ணிப் பார்க்காமல் வாங்கிப்போகிறவர்கள் அவர்கள்.

மறுபடியும் போன். மறுபடியும் அதே பையன், அதே பச்சை, அதே பூஜ்யம். அங்கே அவன் பார்க்கும் பக்கத்தைத் தன் செல்போனில் வரவழைத்துப் பார்த்தது எங்கள் கவுண்டரில் இருக்கும் பெண். கும்பகோணத்தில் பி.காம். படித்தவள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஜீரோ என்னைக்கு எழுதினது சார்?" பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியாத சின்ன எழுத்தில், கடைசியாக வெற்றிகரமாகச் சரிபார்த்த தேதி ஆகஸ்ட் 19 என்று இருந்தது. அதாவது 34 நாளாக எங்கள் சர்வர் கேள்வி கேட்கவே முடியாமல் இருந்திருக்கிறது. கேட்க முடியாததால் பதில் வரவில்லை. பதில் வராததால் பாக்கி என்று ஒன்றும் பதிவாகவில்லை. பதிவாகாததை அந்தப் பக்கம் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருக்கிறது, சர்வர் ஓடுகிறது என்பதற்காகப் பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

இதை யோசித்தபோது எனக்குத் தகப்பனார் ஞாபகம் வந்தது. 1970களில் துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல், மல்லி எதுவானாலும் விருதுநகர் மார்க்கெட் விலைதான் நமக்கெல்லாம் ஆதாரம். காலையில் அங்கிருந்து தரகர் போன் செய்வார். எந்த விலையும் அசையாத நாளில்கூட, "இன்னைக்கு மாத்தம் இல்லை" என்று சொல்வதற்காகவாவது செய்வார். ஒருநாள் போன் வராவிட்டால் தகப்பனார் விலை மாறவில்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டார். லைன் போயிற்று என்று எடுத்துக்கொள்வார். டிரங்க் கால் புக் செய்துவிட்டு, கிடைக்கிறவரை பெரிய ஆர்டருக்கு விலை சொல்லாமல் வந்தவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். "மாற்றம் இல்லை" என்ற செய்தியும், செய்தியே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது நாலாம் வகுப்பு படித்த அவருக்குத் தெரிந்திருந்தது. லட்ச ரூபாய் சாப்ட்வேருக்குத் தெரியவில்லை.

என்ன கோளாறு என்று கேட்பீர்கள். எலி. சிரிக்க வேண்டாம், மளிகைக் கடையில் எலி இல்லாத இடம் எது? தினசரிக் கணக்கின் நகலை எழுதிவைக்கத் தனியாக ஒரு டிஸ்க் வெளியே இணைத்திருந்தோம். அதன் ஒயரை எலி கடித்துவிட்டது. வெளி டிஸ்க் கிடைக்காததால் சாப்ட்வேர் தன் புத்தியை உபயோகித்து, நகலைச் சர்வரின் உள்ளேயே, விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் எழுத ஆரம்பித்திருக்கிறது. நாளுக்கு ஒன்றாகச் சேர்ந்து ஆகஸ்ட் 19இல் அந்த டிரைவ் நிரம்பிவிட்டது. கணக்கு இருக்கும் டிரைவ் வேறு என்பதால் பில் போடுவதில் ஒரு தடங்கலும் தெரியவில்லை. குடோன் நிரம்பி வழியும்போது லாரி வந்தால் லோடை எங்கே இறக்குவது? அதே கதைதான். அப்டேட்டுக்கு இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். அதே ஆகஸ்ட் 19க்குப் பிறகு கணக்கின் நகலும் எழுதப்படவில்லை. அந்த 34 நாளில் சர்வர் படுத்திருந்தால் ஆடி வசூல் பாக்கி முழுவதையும் நான் கடைக்காரர்களின் வாய்ச் சொல்லை நம்பித்தான் எழுதியிருக்க வேண்டும். வரி விகிதம் தப்பானதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய நகல்களை அகற்றி இடம் பண்ணியதும் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. மறுபடியும் சரிபார்ப்பு தவறியது, ஆனால் காட்டிய காரணம் இப்போது வேறு. ஆகஸ்ட் 19 ராத்திரி பாதி இறங்கி நின்றுபோன ஒரு பைல் அங்கேயே கிடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சர்வர் அந்த உடைந்த பைலையே எடுத்து ஏற்றப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. ஒரு காரணம் தீர்ந்ததும் மூடிவிட்டுப் போகக்கூடாது, கண்ணெதிரே ஒருமுறை வெற்றிகரமாகச் சரிபார்த்துத் தேதி மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது அன்று கற்றது. எல்லாம் முடிய மத்தியானம் இரண்டரை. அதுவரை கையால் பில் எழுதினோம். என் கையெழுத்து இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னது ஒன்றுதான் ஆறுதல்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஏறக்குறைய எல்லார் கடையிலும் இப்படி ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. காரணங்கள் பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்.

கம்ப்யூட்டரின் கடிகாரம் அதில் முக்கியமானது. உள்ளே பெரிய காசு அளவில் ஒரு பேட்டரி, சி.ஆர்.2032 என்று பெயர், மின்சாரம் இல்லாதபோதும் தேதி நேரத்தைக் காப்பாற்றுவது அது. நாலைந்து வருஷத்தில் தீர்ந்துவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்ததே, அப்போது என் உறவினர் கடையில் கரண்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி பத்து வருஷம் பின்னால் போயிருந்தது. பில்லில் தேதியைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் அடுத்த தடவை அணைத்துப் போட்டால் மறுபடி பழைய தேதி. இதனால் அப்டேட் எப்படிக் கெடும்? எதிர்முனையில் இருப்பது அசல் நிறுவனம்தானா என்று தெரிந்துகொள்ள நம் கம்ப்யூட்டர் ஒரு சான்றிதழைப் பார்க்கிறது. நாம் விற்கும் பாக்கெட்டில் போலவே அதிலும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று உண்டு. கம்ப்யூட்டர் தன்னை 2008இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்னும் பேக் பண்ணாத பிஸ்கட் பாக்கெட்டை யாரோ நீட்டுவதுபோல் அதற்குத் தோன்றுகிறது. போலி என்று தள்ளிவிடுகிறது. மறுபக்கமும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அன்றைக்கு உலகம் முழுவதும் பழைய செல்போன், பழைய கருவிகள் பலவற்றில், எந்தக் கோளாறும் இல்லாமலே தொடர்பு அறுந்தது. அறுந்தது என்று சொல்லிய கருவிகளைச் சரிசெய்தார்கள். சொல்லாதவை எத்தனையோ.

இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றும்போது கையால் போட்டிருந்த பழைய விலாசம் சர்வரில் அப்படியே தங்கிவிடுவது அடுத்தது. வைரஸ் தடுப்பு சாப்ட்வேர், அப்டேட் கேட்கப் போகும் நிரலையே திருடன் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடுவது இன்னொன்று. பில் போடும்போது வேகம் குறைகிறது என்று யாரோ அப்டேட் சேவையை நிறுத்திவைத்துவிட்டு மறந்துபோவதும் நடக்கிறது. நமக்கு உதவி செய்ய வந்த பையன்களே இதைச் செய்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, கேட்கும் இடத்தில் கொடுக்க ஆளே இல்லாமல் போவது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடனும் இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் சாதாரண உபயோகிப்பாளர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றும், வியாபார நிறுவனங்கள் பணம் கட்டினால் மூன்று வருஷம் வரை உண்டு என்றும் அறிவித்தது. பதிவு செய்யாதவர் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வழக்கம்போல் ஓடும். மூடிப்போன மண்டியின் வாசலில் நின்று சரக்கு ஏதும் பாக்கியில்லை என்று சொல்வதுபோல, அதுவும் ஒரு பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டே இருக்கலாம்.

வரி விகிதம் போனால் கிரெடிட் நோட் போட்டுச் சமாளிக்கலாம், இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டுரை என்று ஒரு நண்பர் கேட்டார். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அந்த ஓட்டை வழியாகவே வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் மே 12 அன்று புறப்பட்டது. இடையில் 59 நாள். 150 நாடுகளுக்கு மேல், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் அப்டேட் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஏறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் அனுபவத்தை வைத்து நான் சொல்வது. எனக்கு 34 நாள் தெரியாமல் இருந்ததே, 59 நாள் தெரியாமல் இருப்பது பெரிய காரியமா?

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். நம் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் கும்பகோணம். அங்கே 1904இல் கும்பகோணம் வங்கி என்று ஆரம்பித்து, இன்று சிட்டி யூனியன் வங்கி என்று நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் வங்கியை நமக்கெல்லாம் தெரியும். 2018 பிப்ரவரியில் அந்த வங்கியின் ஸ்விப்ட் என்ற வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற ஏற்பாட்டுக்குள் கயவர்கள் புகுந்து, மூன்று போலி உத்தரவுகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலரைத் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் அனுப்பப் பார்த்தார்கள். அனுப்பிய உத்தரவுகளுக்கான ஒப்புகை, அதற்கென்று இருந்த பிரிண்டரில் அச்சாகி வரவேண்டும். அந்தப் பிரிண்டரைத்தான் அவர்கள் முதலில் ஊமையாக்கினார்கள். காகிதம் வரவில்லை. மறுநாள் 7ஆம் தேதி காலை வழக்கம்போலக் கணக்கை ஒத்துப்பார்த்தபோது வங்கிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. இதற்கு இரண்டு வருஷம் முன், 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியில் இதே சூழ்ச்சிதான். அங்கேயும் பிரிண்டர் நின்றது. சாதாரணக் கோளாறு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். நடுவில் விடுமுறை நாள்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் போய்விட்டது.

இரண்டிலும் பிரிண்டர் ஊமையானது ஒன்றே. கும்பகோணத்தில், செய்தி வந்ததா வரவில்லையா என்று பாராமல் தினமும் தாமாகவே கணக்கை ஒத்துப்பார்க்கும் வழக்கம் இருந்தது. அந்த ஒரு நாள் வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்டேட்டே வேண்டாம், அதனால்தான் தொல்லை என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே வந்ததையெல்லாம் வந்த நிமிஷமே ஏற்று என்று நானும் சொல்ல மாட்டேன். புது மில் அரிசி வந்தால் ஒரு மூட்டையை உடைத்துச் சமைத்துப் பார்க்காமல் நூறு மூட்டை எடுப்போமா? ஒரு கவுண்டரில் ஏற்றி ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதில் ஏற்றலாம். ஆனால் ஏற்றுவதா வேண்டாமா என்று நாம் தீர்மானிப்பது வேறு, வந்ததே தெரியாமல் இருப்பது வேறு.

கண்காணிக்கும் நிறுவனங்களைப் பற்றியும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் முந்நூறு கடையைத் திரையில் பார்க்கிறான். அவன் கண்ணுக்குச் சிவப்புத் தெரிந்தால்தான் கை போனுக்குப் போகும். சரிபார்க்க முடியவில்லை என்பதைப் பூஜ்யமாகவும் பச்சையாகவும் காட்டும்படி திரையை அமைத்தவன் செய்த பிழைக்கு அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. திட்டவும் இல்லை. தப்பு நம்மேலும் உண்டு. தராசு விஷயத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை, இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை. ஆய்வாளர் வந்தால் தராசு சரியாக இருக்கிறதா என்று நம்மைக் கேட்பதில்லை. முத்திரையில் எந்த வருஷம், ஏ, பி, சி, டி என்ற காலாண்டு எழுத்தில் எது என்றுதான் பார்க்கிறார். தேதி இல்லாத முத்திரை முத்திரையே இல்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம்.

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு வேறு ஒரு கூட்டம் கிளம்பியிருப்பதையும் சொல்ல வேண்டும். "உங்கள் கம்ப்யூட்டரில் அப்டேட் தவறிவிட்டது, நாங்கள் சரிசெய்து தருகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று போன் வரும். எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்து நம் திரையைக் கையாளும் செயலிகள் நல்ல காரியத்துக்கு ஏற்பட்டவைதான். ஆனால் முன்பின் தெரியாதவன் சொல்லிப் போட்டால் கல்லாச் சாவியைக் கொடுத்ததாகும். ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. நம்மைக் கண்காணிக்கும் நிறுவனத்தின் எண் நம் கையில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு அந்த எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது எங்கள் கடையில் காலையில் விளக்கேற்றி, கல்லாவைத் திறந்ததும் அந்தப் பெண் சர்வரில் மூன்று விஷயம் பார்க்கிறாள்: கம்ப்யூட்டரின் தேதி, சி டிரைவில் மீதி இடம், அப்டேட் கடைசியாக வெற்றிகரமாகச் சரிபார்த்த நாள். கணக்கின் நகல் எழுதிய நாளும் அதே வரியில் வரும். சிட்டை நோட்டில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு நிமிஷம்கூட ஆவதில்லை. ஜனவரியில் ஒருநாள் தேதி நகரவில்லை. பார்த்தால் இன்டர்நெட் பெட்டியை மாற்றிய ஆள் எங்கள் சர்வரின் ஒயரைச் சொருக மறந்து போயிருந்தார். ஒன்பது மணிக்குள் சரியாகிவிட்டது. வெளி டிஸ்க்கின் ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறோம்.

பராமரிப்பு ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்க வருகிறது. அச்சடித்த எட்டுப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது, எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும் என்பது உட்பட. நான் கேட்டிருப்பது ஒரு வரி: "இரண்டு நாள் தொடர்ந்து சரிபார்ப்பு வெற்றிபெறாவிட்டால், காரணம் எதுவானாலும், நிறுவனம் கடைக்குப் போன் செய்து தெரிவிக்க வேண்டும்." தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செக் என்று சொல்லியிருக்கிறேன். அதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நம் சங்கத்துக் கடைகள் பதினொன்று இருப்பதாகத் தெரிகிறது. அவர்களும் இதே வரியைக் கேட்டால் தலைமை அலுவலகம் சீக்கிரம் பதில் சொல்லும்.